குளிசையும் எண்ணெயும்: மகனோடு கொழும்பில் ஒரு வாரம்

ஞாயிற்றுக்கிழமை

யாழ்தேவியில் வந்து கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்குபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது சனக்கூட்டம். எங்களுக்குப் படிகள்தான் முதலில் தெரிகின்றன. பெட்டியின் மிதிபலகைக்கும் மேடைக்கும் இடையிலான உயரம், தண்டவாளங்களைக் கடக்கும் மேம்பாலத்தின் ஏற்றம், அதற்குப் பிறகு இறக்கம். எட்டு வயதான எங்கள் மகனுக்கு டுஷேன் தசைச் சிதைவு நோய். ஏறுவது அவனுக்குக் கடினம், ஆனால் அதைவிட இறங்குவதுதான் கேடு. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. தசைக் கலத்தின் உட்சட்டத்தை அதன் மென்சவ்வோடு பிணைத்து வைக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாத பிள்ளைக்கு, அந்த இழுவையிலேயே மென்சவ்வு கிழிந்துவிடுகிறது. கிழிந்த தசை சில காலம் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும், பிறகு திருத்த இயலாமற்போய், அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்ளும். ஆகவே இறக்கத்தில் அவனுடைய அப்பா அவனைத் தூக்கிக்கொண்டார். நாலு பேர் பார்க்கத் தூக்கப்படுவது அவனுக்கு அறவே பிடிக்காது. "இறக்கி விடுங்கோ அப்பா, எல்லாரும் பார்க்கினம்" என்று கடைசிப் படிவரை முணுமுணுத்தான்.

வந்த காரியங்கள் இரண்டு. பொறளையிலுள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் வெள்ளிக்கிழமை நரம்பியல் கிளினிக். அது யாழ்ப்பாணத்திலிருந்து துண்டு எழுதி அனுப்பப்பட்டது. மற்றது, லண்டனில் இருக்கும் மச்சாள் ஏற்பாடு செய்த ஆயுர்வேதச் சிகிச்சை. அங்கே யாரோ ஒருவருடைய பிள்ளை கொழும்பில் ஓர் ஆயுர்வேத நிலையத்தில் எண்ணெய் வைத்து எழுந்து நடந்ததாம். அந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்று கேட்டால் மச்சாளுக்குத் தெரியவில்லை, ஆனால் முற்பணம் மட்டும் கட்டியாயிற்று. நாங்கள் மறுக்கவில்லை. தினமும் ஒரு கைப்பிடி நம்பிக்கையாவது இல்லாமல் இந்த நோயோடு வீட்டில் குடியிருக்க முடியாது. அதற்காக எந்த நம்பிக்கையையும் வாங்கிவிடலாம் என்பதுமில்லை.

தங்குவது வெள்ளவத்தையில், சின்னம்மாவின் தொடர்மாடி வீட்டில். மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்கிறது. வேறு எதையும் நான் விசாரிக்கவில்லை.

திங்கட்கிழமை

நிலையம் நகரின் தெற்குப் புறத்தில் ஒரு பழைய பங்களாவில் இயங்குகிறது. வாசலில் துளசியும் வல்லாரையும் வளர்ந்திருந்தன, உள்ளே விலைப்பட்டியல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. தலைமை வைத்தியரை எல்லோரும் வெதமாத்தயா என்றே அழைக்கிறார்கள். எங்களுடைய சிங்களம் சந்தைக்குப் போதும், நோய்க்குப் போதாது. சின்னம்மா கூடவே இருந்து மொழிபெயர்த்தார்.

அவருடைய நல்ல குணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் அவசரப்படவில்லை. மகனின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், அவன் எப்போது நடக்கத் தொடங்கினான், என்ன சாப்பிடுகிறான், இரவில் எத்தனை தடவை புரட்டிவிட வேண்டியிருக்கிறது என்று கேட்டார். பிறகு பாயில் இருத்தி, எழும்பச் சொன்னார். மகன் முதலில் குப்புறத் திரும்பினான், நாலு காலில் நின்றான், பின்புறத்தை உயர்த்தினான், பிறகு ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மற்றக் கையைத் தொடையில் ஊன்றி, தன் கால்களின் மேலேயே தான் ஏறுகிறவனாய் நிமிர்ந்தான். இதைக் கவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1879 ஆம் ஆண்டிலேயே விவரித்து வைத்திருக்கிறார், இன்றும் அவருடைய பெயரால்தான் இந்த அடையாளத்தைச் சொல்கிறார்கள். வெதமாத்தயா அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் தடவை எழும்பச் சொல்லாமல், கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். சன நெருக்கடியுள்ள கிளினிக்குகளில் எவருக்கும் கொடுக்க முடியாத நேரத்தை இப்படியான இடங்கள் கொடுக்கின்றன. பெற்றோர் இங்கே வருவதற்கு மூடநம்பிக்கை காரணம் என்று சொல்பவர்கள் இந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

பிறகு அவர் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தார். ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற இரு நொதியங்களும் மிக உயர்ந்திருந்தன. "ஈரல் பழுதாகியிருக்கிறது, ஆங்கில மருந்தின் வேலை இது" என்றார்.

இந்த வசனத்தை நாங்கள் வேறொரு வடிவத்தில் முன்பே கேட்டிருக்கிறோம். மகனுக்கு நான்கு வயதாயிருந்தபோது, காய்ச்சலுக்காக எடுத்த இரத்தத்தில் இதே நொதியங்கள் உயர்ந்திருக்கக் கண்ட ஒரு தனியார் மருத்துவர் செங்கமாரி என்று சொல்லிவிட்டார். ஊரார் சொன்னபடி கீழ்க்காய்நெல்லிச் சாறு மாதக்கணக்கில் கொடுக்கப்பட்டது, கண் மஞ்சளாகவேயில்லை, நொதியம் இறங்கவுமில்லை. அந்த நொதியங்கள் ஈரலில் மட்டும் இருப்பவையல்ல, தசையிலும் இருப்பவை. தசை கிழியக் கிழிய இரத்தத்தில் கசியும். ஈரலா தசையா என்று பிரித்தறிய ஜீ.ஜீ.டி. என்ற இன்னொரு நொதியத்தையும், தசையில் மிகுந்திருக்கும் கிரியேட்டின் கைனேஸையும் பார்க்க வேண்டும். ஜீ.ஜீ.டி. தசையிலிருந்து வருவதில்லை. மகனுக்கு அது எப்போதும் சாதாரணம். கிரியேட்டின் கைனேஸோ பல்லாயிரத்தில் இருக்கிறது. ஆரோக்கியமான பிள்ளைக்கு அது சில நூறைத் தாண்டாது. இந்தப் பரிசோதனை கேட்கப்படாமலேயே ஈரல் நோயாளிகளாக அலைந்த டுஷேன் பிள்ளைகள் உலகமெங்கும் உண்டு. சின்னம்மா இதை வெதமாத்தயாவிடம் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தார். அவர் சிரித்துவிட்டு, எண்ணெயை நாளைக்குத் தொடங்கலாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை

நீண்ட மரப்பலகை ஒன்று, விளிம்பெல்லாம் எண்ணெய் வழிந்தோடுவதற்கு வாய்க்கால் வெட்டியது. அதில் மகனைக் கிடத்தி, இளஞ்சூட்டு எண்ணெயைத் தோளிலிருந்து பாதம்வரை தடவினார்கள். நல்லெண்ணெயில் காய்ச்சியது என்பது மணத்திலேயே தெரிந்தது. அதன் பிறகு கிழி. ஞவரை அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டிக் கசாயத்திலும் குழைய வேகவைத்து, துணியில் முடிந்து, ஆறஆற மாற்றி மாற்றி ஒற்றி எடுக்கிறார்கள். முடிச்சிலிருந்து வெள்ளையாகக் கஞ்சி கசிந்து, முழங்காலின் பள்ளத்தில் தேங்கி நின்றது. மகன் அதை விரலால் தொட்டு, "அம்மா, இது பால்புக்கை" என்றான். பணியாளர், ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், ஒவ்வொரு தடவையும் கிழியைத் தன் முன்கையில் வைத்துச் சூடு பார்த்த பின்னரே அவன்மீது வைத்தார். "பய வென்ட எபா, புதா" (பயப்படாதே, மகனே) என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

கெண்டைக்காலைத் தடவியபோது அவர் என்னைப் பார்த்து, நல்ல உறுதியான கால் என்று கையால் காட்டினார். எங்கள் ஊரிலும் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், விளையாட்டு வீரனின் கால் என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு. அந்தப் பருமன் தசையின் வலுவல்ல, தசை போன இடத்தை நிரப்பிய கொழுப்பும் நாருமே. பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1860களில் இந்த நோயை விவரித்தபோது அவருடைய கண்ணை ஈர்த்ததும் இந்தப் பொய்ப் பருமன்தான்.

இனி நேர்மையாகச் சொல்கிறேன். இந்தச் சிகிச்சை அவனுக்குப் பிடித்திருந்தது, எனக்கும் பிடித்திருந்தது. சூடு பட்டதும் இறுகியிருந்த தொடையின் பின்தசை தளர்ந்தது. வழக்கமாகக் குதிக்காலை மடக்கி நீட்டும் பயிற்சியில் முகத்தைச் சுளிப்பவன், இன்று மாலை சுளிக்கவில்லை. இரவு காலில் பிளாஸ்டிக் தாங்கியைப் பூட்டும் முன்பே உறங்கிவிட்டான். எண்ணெய் டிஸ்ட்ரோபினை உண்டாக்காது. மனிதப் பரம்பரையலகுகளில் (மரபணுக்களில்) மிகப் பெரியதான, அந்தப் புரதத்துக்குரிய பரம்பரையலகில், 79 துண்டங்களில் ஒன்றோ சிலவோ விடுபட்டதால் பெரும்பாலும் வருவது இந்த நோய், அதைத் தோலின் மேலிருந்து திருத்த முடியாது. ஆனால் ஓர் எட்டு வயதுப் பிள்ளை நோகாமல் உறங்குவது சிறிய காரியமா? ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் பணியாளரிடம் கையைக் காட்டிச் சொன்னேன்: தடவலாம், அழுத்திப் பிசையக்கூடாது. அவர் தலையசைத்தார், அப்படியே செய்தார்.

புதன்கிழமை

பகல் முழுவதும் மழை, எண்ணெய்க்கு மட்டும் போய் வந்தோம். பின்னேரம் சின்னம்மாவைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர், தேநீர் ஆறுவதற்குள் "இது தாய்வழியில வாற வருத்தமாமே" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, யன்னலைப் பார்த்துச் சொன்னார்.

எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ள குறை இது, ஆகவே பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத் தாக்குகிறது, தாய் அந்தக் குறையைச் சுமந்து பிள்ளைக்குக் கடத்தும் காவியாக இருக்கலாம். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளில் தாயிடம் எந்தக் குறையும் இருப்பதில்லை. அது புதிதாகவே தோன்றுகிறது. என்னைப் பரிசோதித்த முடிவு எதுவென்று அந்த உறவினருக்கு நான் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியது வேறொன்று. காவிகளான பெண்களுக்கு இதயத் தசை பலவீனமடையக்கூடும் என்பதால் அவர்களும் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தாய்வழி என்று கண்டுபிடித்து மகிழ்பவர்கள், அந்தத் தாயின் இதயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

வியாழக்கிழமை

இன்று பொடி வந்தது. செம்மண் நிறத்தில், சின்னப் பிளாஸ்டிக் பைகளில், பெயரோ திகதியோ ஒட்டப்படாமல். தேனில் குழைத்துக் காலையும் மாலையும் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு கசாயப் பொதி. பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, பரம்பரையாக வந்தது, சொல்வதற்கில்லை என்றார்கள். அடுத்ததாகச் சொன்னதுதான் எங்களை நிமிர்ந்து உட்காரச் செய்தது: இன்றிலிருந்து ஆங்கிலக் குளிசையை நிறுத்திவிட வேண்டும், இரண்டும் ஒன்றாக உடம்பில் நில்லாது.

அந்தக் குளிசை பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட். உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் என்ற அளவில், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கப்படுவது. அதன் தீமைகள் எனக்குத் தெரியாதவையல்ல. முகம் வட்டமாகியிருக்கிறது, பசி ஓயாது, எலும்பு மெலியும், கண்ணில் புரை வரலாம், வளர்த்தி குறையும். ஆனால் இந்த நோயில் பிள்ளை நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகளாவது நீட்டிக்கும் என்று நிறுவப்பட்ட மருந்துகளில் நம் கைக்கு எட்டக்கூடியது இதுதான். அதைவிட முக்கியம், மாதக்கணக்கில் ஸ்டீரொயிட் எடுத்த உடம்பில், இயல்பாக ஸ்டீரொயிட்டைச் சுரக்க வேண்டிய அதிரீனற் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். குளிசையைச் சடுதியாக நிறுத்தினால் வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதாயின் மருத்துவரின் மேற்பார்வையில், படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். இதைக் கேட்காமலே ஒருவர் ஒரு பிள்ளைக்கு நிறுத்தச் சொல்கிறார் என்றால், அவருடைய நாடி ஞானத்தை நான் எதற்கு நம்ப வேண்டும்?

மதியம் இவரும் நானும் புறக்கோட்டைக்குப் போனோம். கேபோஸ் லேனில் மூலிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சாக்குகளில் வேரும் பட்டையும் கடுக்காயும் அடுக்கி, தராசில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். கசாயப் பொதியைப் பிரித்துக் காட்டியபோது ஒரு முதலாளி விரலால் கிளறி ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார்: சுக்கு, திப்பிலி, குறுந்தோட்டி வேர், அதிமதுரம். பொடியை மட்டும் தொடவில்லை. அரைத்த பிறகு கடவுளுக்கும் தெரியாது என்றார்.

சின்னம்மாவின் அயலில், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் ஆயுர்வேதம் படித்துப் பட்டம் பெற்ற ஒரு பெண் வைத்தியர் இருக்கிறார். மாலையில் அவரிடம் காட்டினோம். அதிமதுரம் என்றதும் அவர் தலையை ஆட்டினார்: உடம்பு ஸ்டீரொயிட்டைச் சிதைப்பதை அது தடுக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும், இதயத் தசையும் பாதிக்கப்படக்கூடிய பிள்ளைக்கு அது வேண்டாம். பொடியைப் பற்றி அவர் இன்னும் கண்டிப்பாக இருந்தார். செந்தூரம், பற்பம் என்று உலோகம் சேர்ந்த மருந்துகள் சாத்திரத்தில் உண்டு, முறைப்படி செய்யாதது எது என்று கண்ணால் அறிய முடியாது, ஆகவே பெயரில்லாத பையிலிருந்து பிள்ளைக்கு எதையும் ஊட்டாதீர்கள் என்றார். நான் முன்பு வாசித்த ஆய்வொன்று நினைவுக்கு வந்தது. 2004 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. பொஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. இலங்கையில் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றுக்கும் பொதுவாக இருக்கிறது, வைத்தியர் பதிவு பெற்றவரா என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. அந்த நிலையத்தில் நாங்கள் அதைக் கேட்டபோது கிடைத்த பதில் ஒரு புன்னகை.

வெள்ளிக்கிழமை

கிளினிக்கில் காத்திருந்தது நீண்ட நேரம், மருத்துவருக்கு முன் இருந்தது சிறிது நேரம். ஆனாலும் வீணாகவில்லை. இதயத்தின் எக்கோ என்ற ஒலியலைப் பரிசோதனை செய்யப்பட்டது, இப்போதைக்குச் சீராக இருக்கிறது, ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். முதுகு நோகிறதா என்று மகனிடமே கேட்டார்கள், ஏனெனில் எலும்பு மெலிந்த பிள்ளைகளுக்கு முள்ளந்தண்டில் சத்தமில்லாமல் வெடிப்பு வரலாம். கண் கிளினிக்குக்கும் துண்டு எழுதப்பட்டது. எப்போதாவது சத்திரசிகிச்சை என்று வந்தால், மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த நோயின் பெயரை முதலில் சொல்ல வேண்டும், சக்சினைல்கோலின் என்ற மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்று கொப்பியின் முதற்பக்கத்தில் மருத்துவர் சிவப்பு மையால் எழுதித் தந்தார்.

எண்ணெய் பற்றிச் சொன்னேன். ஏச்சு விழும் என்று எதிர்பார்த்திருந்தேன், விழவில்லை. மெதுவாகத் தடவுவதானால் தடவுங்கள், சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், அழுத்தாதீர்கள், அதற்குப் பிறகு குதிக்கால் பயிற்சியை மறக்காமல் செய்யுங்கள் என்றார். பொடிப் பையை மேசையில் வைத்ததும், பெயர் தெரியாத பொடிகளில் சில வேளை ஸ்டீரொயிட்டே கலந்திருக்கும், அதனால்தான் முதற்கிழமையில் பிள்ளை தேறியதாகத் தோன்றும் என்றார். அது எனக்குப் புதிய செய்தி. மச்சாள் சொன்ன, எழுந்து நடந்த பிள்ளையைப் பற்றி அப்போது நினைத்துக்கொண்டேன்.

இவர் தயங்கித் தயங்கி அமெரிக்க ஊசியைப் பற்றிக் கேட்டார். 2023 ஜூனில் அங்கே அனுமதிக்கப்பட்ட மரபணு மருந்து, விலை 32 இலட்சம் டொலர். அது தருவதும் முழு டிஸ்ட்ரோபின் அல்ல, மரபணுவைத் தசைக்குக் கொண்டுசெல்லும் வைரசுக்குள் அடங்கும்படி சுருக்கிய ஒன்று. நடக்க இயலாத இரு இளைஞர்கள் ஈரல் செயலிழந்து இறந்த பிறகு, 2025இல் அந்த நிலையில் உள்ளவர்களுக்கு அதைக் கொடுப்பது நிறுத்தப்பட்டது. மருத்துவர் இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். ஆராய்ச்சி நடக்கிறது, அதுவரை இதயத்தையும் மூச்சையும் முதுகையும் காப்பாற்றி வைத்திருப்பதே எங்கள் வேலை என்றார். இந்த வாரத்தில் கேட்டவற்றுள் எனக்குக் கைப்பிடியாக இருந்தது இதுதான்.

சனிக்கிழமை

சின்னம்மாவின் தொடர்மாடியில் ஒரு முதியவரின் சக்கரக் கதிரை பயன்படாமல் இருந்தது. அதை இரவல் வாங்கிக்கொண்டு பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போனோம். "நடக்கிற பிள்ளையை இப்பவே ஏன் இதில இருத்துறீங்கள்?" என்று சின்னம்மா கண்கலங்கினார். நடக்கிற பிள்ளை என்பதால்தான். ஓட்டோ நிறுத்திய இடத்திலிருந்து கடற்கரைவரை நடக்க வைத்தால், அங்கே போய்ச் சேரும்போது அவனிடம் விளையாட எதுவும் மிஞ்சியிருக்காது. கதிரையில் போனான், புல்தரையில் இறங்கினான், பட்டம் விட்டான், நூல் அறுந்தது, இறால் வடை கேட்டான், இறாலை மட்டும் தின்றுவிட்டு வடையை அப்பாவிடம் கொடுத்தான். ஆனால் திடலிலிருந்து வீதிக்கு வரும் நடைபாதையில் கதிரைக்குச் சரிவுப்பாதை ஓரிடத்தில் இருக்கிறது, அடுத்த இடத்தில் இல்லை. பொது இடங்களுக்கான அணுகல் வசதி விதிகள் 2006 இலேயே இந்த நாட்டில் வர்த்தமானியில் வந்துவிட்டன. கதிரையைத் தூக்கிய இரண்டு பொடியன்கள் அந்த வர்த்தமானியைக் கண்டிருக்க மாட்டார்கள், கேட்காமலே ஓடிவந்து தூக்கினார்கள்.

இரவு மச்சாளோடு கதைத்தோம். குளிசை நிற்காது, பொடி கொடுக்கப்படாது, எண்ணெய் மட்டும் தொடரலாமா என்று நிலையத்தில் கேட்டதற்கு, முழுச் சிகிச்சை அல்லது ஒன்றுமில்லை என்றார்கள், முற்பணமும் திரும்பாது. மச்சாளுக்குக் கோபம். நிலையத்தின் மீதா எங்கள் மீதா என்று அவரே பிரித்துச் சொல்லவில்லை. மகனுக்குப் பாதம் வளர்ந்துவிட்டது, இரவுத் தாங்கி புதிதாகச் செய்ய வேண்டும், அனுப்ப விரும்பினால் அதற்கு அனுப்புங்கள் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எவ்வளவு என்று கேட்டார்.

நாளைக் காலை யாழ்ப்பாணம் திரும்புகிறோம். கைதடியிலுள்ள சித்த போதனா வைத்தியசாலையில் எண்ணெய்ச் சிகிச்சை உண்டு, வீட்டிலிருந்து தூரமுமில்லை. அடுத்த கிழமை அங்கே போய்க் கேட்க இருக்கிறோம்: எண்ணெய் தோலுக்கு மட்டும், அதில் சேரும் ஒவ்வொன்றின் பெயரும் கொப்பியில் எழுதப்பட வேண்டும், வாய்வழியாக எதுவும் கொடுப்பதானால் கிளினிக் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால் வாரத்தில் இரண்டு பின்னேரங்கள் போகலாம் என்று இவர் வேலை நேரத்தை மாற்றக் கேட்டிருக்கிறார். அங்கே பலகையில் வாய்க்கால் இருக்குமா என்பதே மகனின் கேள்வி.